இருபத்தொன்பதாம் பக்கம்

மார்கழி மாதத்தில் ஜீவனஹள்ளியில் எட்டு மணி ஆனாலும் பனி கூரையை விட்டு இறங்காது. அந்தக் குளிரிலும் கோவிந்தப்பா விடிந்ததும் பச்சைத்தண்ணீரில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரைக்கும் மாட்டிக்கொண்டுதான் தெருவில் தலைகாட்டுவார். அறுபத்தெட்டு வயது. இயந்திரத் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். முதுகு வளையவில்லை, அவர் வளைய விட்டதில்லை. குழாயில் தண்ணீர் வராத நாளில்கூட அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி ஒரு குடம் கேட்டவர் அல்ல. தனக்கோடியின் மகன் என்று தெருவில் யாராவது சொன்னால் அந்தச் சொல்லின் மேல் ஒரு தூசு படியக் கூடாது. அப்படித்தான் வாழ்ந்தார்.

அந்தத் தனக்கோடியின் பெயர் இப்போது ஒரு பல்கலைக்கழகத்தில் ஏறப்போகிறது.

பல்கலைக்கழகம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓல்ட் மெட்ராஸ் ரோட்டில், பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் வரும். ஆரம்பித்து நான்கு வருடம்தான் ஆகிறது. மகள் சுனிதா அங்கே நூலக உதவியாளராகக் காண்ட்ராக்டில் சேர்ந்தபோது நூலகம் என்று ஒன்று கிடையாது. ரசாயனக் கூடத்துக்குப் பின்னால் உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைத்திருந்த அறைதான் இருந்தது. நாற்காலிகளை வெளியே இழுத்துப் போட்டு, தரையைக் கழுவி, நூற்றுப்பத்துப் புத்தகங்களை நிற்கவைத்தால் ராக்குகள் காலியாகத் தெரியும் என்று படுக்கவைத்துப் பரப்பி அடுக்கியவள் அவள்தான். அப்புறம் ஒவ்வொரு துறைக்காகவும் புத்தகம் வந்தது. ஓய்வு பெற்ற வாத்தியார்கள் வீடுகளிலிருந்து அட்டைப்பெட்டிகள் வந்தன. இந்த வருடம் புதுக் கட்டடத்தின் இரண்டாம் மாடி முழுவதையும் நூலகத்துக்கு விட்டார்கள். இருபதாயிரம் புத்தகம் கொள்ளும் இடத்தில் ஆறாயிரம் இருந்தன. தமிழ் என்று எழுதி ஒட்டிய ராக்கில் பதினொன்று.

அந்தப் பதினொன்றைப் பார்த்துப் பார்த்துத்தான் சுனிதா வீட்டில் வாயைத் திறந்தாள். "அப்பா, தாத்தா புக்கு முன்னூத்திப் பதினாலு பீரோல தூங்குது. அங்க குடுத்தா பசங்க படிப்பாங்க."

கோவிந்தப்பா இரண்டு மாதம் பேச்சை மாற்றிக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, "குடுத்துடலாம். ஆனா நைனா பேர்ல தனியா ஒரு ராக். மேல போர்டு. அத வாசல்லேர்ந்து பாத்தா தெரியணும்" என்றார். தாம் முன்பு வேலை பார்த்த இடத்தில் சொல்லி எஃகுத் தகட்டில் பெயரையும் வெட்டி வாங்கிவிட்டார். புத்தகங்கள் அட்டைப்பெட்டிகளில் பல்கலைக்கழகத்துக்குப் போயின; காலியான பீரோவை விற்றுவிட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் சுனிதா அரை நாள் வேலை முடிந்து வந்தாள். வனஜா கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, முந்தின நாள் ஊறப்போட்ட அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒவ்வொரு கொட்டையாக அழுத்த, தோல் ஒரு பக்கம் நிற்கப் பருப்பு துள்ளிப் போய்ச் சட்டியில் விழுந்தது. சீசன் முடிவதற்குள் வாரத்துக்கு இரண்டு தடவையாவது பிதுக்கம்பருப்புக் குழம்பும் களியும் அந்த வீட்டில் உண்டு.

"இன்னாடி மூஞ்சி இப்படி இருக்குது? பஸ்ஸுல சீட்டு கெடைக்கலயா?" என்றாள் வனஜா.

சுனிதா செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அப்பா எதிரில் வந்து உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து விரித்து, அவர் மடியில் வைத்தாள். இருபத்தொன்பதாம் பக்கம். ஓரத்தில் ஊதா மை மங்கிப்போன வட்ட முத்திரை. தொழிலாளர் வாசகசாலை, ஜீவனஹள்ளி.

கோவிந்தப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"லைப்ரரில மூணு எடத்துல சீல் போடுவோம்பா" என்றாள் சுனிதா. "மொத பக்கம், கடைசிப் பக்கம். மூணாவது உள்ள ஒரு பக்கம். ஒவ்வொரு லைப்ரரிக்கும் ஒரு நம்பரு, அத வெளிய யாருக்கும் சொல்ல மாட்டோம். திருடறவன் முன்னாடியும் பின்னாடியும் கிழிச்சிடுவான். இது மட்டும் அவனுக்குத் தெரியாது."

"எத்தன புக்குல இருக்குது?"

"பாத்த நாப்பதுலயும். எல்லாம் இதே பக்கம்."

"உங்க லைப்ரரியன் மேடம் பாத்தாச்சா?"

"மௌரீன் மேடம்தான் மொதல்ல பாத்தாங்க. இது உன் தாத்தாவுது இல்ல, ஒரு லைப்ரரியோடது, அவங்க குடுத்ததா லெட்டர் இருந்தாதான் ரிஜிஸ்டர்ல ஏத்துவேன்னுட்டாங்க. வியாழக்கெழம ரிஜிஸ்டர் பாக்க கமிட்டி வருது. எங்க தாத்தா சொந்தப் புக்குன்னு ஃபாரத்துல கையெழுத்துப் போட்டது நான். மார்ச்சுல காண்ட்ராக்ட் முடியுது."

வனஜா சட்டியைத் தள்ளி வைத்தாள். "வாசகசாலை புக்குன்னா இப்ப இன்னா? மாமாதான அத நடத்தினாரு?"

"நடத்தினா அவருதாயிடுமாம்மா? நான் லைப்ரரிய கூட்டித் தொடைக்கறேன், அது என்துதா?"

"எல்லாத்தயும் திருப்பி எடுத்துகினு வந்துடு" என்றார் கோவிந்தப்பா.

"கேட்ல பாஸ் வேணும்பா. காரணம் எழுதணும். இன்னான்னு எழுதட்டும்? திருட்டுப் புக்குன்னா?"

அந்த வீட்டில் அந்தச் சொல் அதுவரை யார் வாயிலும் வந்ததில்லை. சுனிதாவும் சொன்ன பிறகு பயந்துதான் போனாள். இருந்தாலும் மனதில் நின்றதைக் கேட்காமல் விடவில்லை. "மொத பக்கம் எங்கன்னு கேட்டப்போ கரையான்னு சொன்னீங்க. எந்தக் கரையாம்பா பிளேடு வெச்சு வெட்டும்?"

"சும்மனே கேட்டுகினே இருக்காத" என்றார் அவர். புத்தகத்தை மூடி, எழுந்து, பீரோ இருந்த இடத்தில் சுவரில் விழுந்திருந்த வெளுத்த சதுரத்தைப் பார்த்தபடி நின்றார். பிறகு சொன்னார்: "காலைல ஓஸ்வால்ட் வீட்டுக்குப் போறேன்."

வனஜா இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில் ஒரே ஒரு தடவை கேட்டதோடு சரி; அதற்குப் பிறகு ஓஸ்வால்ட் என்ற பெயரை இங்கே யாரும் சொன்னதில்லை. "யாரு, காக்ஸ் டவுன் ஓஸ்வால்டா? மாமா சாவுக்கு வரலன்னு, அவரு செத்தா சாவுக்குக் கூட போவ மாட்டேன்னீங்க?"

"இன்னும் சாவல இல்ல" என்றார் கோவிந்தப்பா.

அன்றைக்குக் குழம்பு நன்றாகத்தான் அமைந்தது. மூன்று பேரும் களியை உருட்டினார்களே தவிர யாரும் இரண்டாவது உருண்டை கேட்கவில்லை.

நடந்தது இதுதான். துணி மில்லில் ஃபிட்டராக இருந்த தனக்கோடி, ஷிப்ட் முடிந்த கையோடு வாசகசாலையைத் திறந்து பெட்ரோமாக்ஸ் ஏற்றுவார். புத்தகம் ஒவ்வொன்றும் ஒரு தொழிலாளி வாங்கிக் கொடுத்தது. கல்யாணம் ஆனால் ஒன்று, பிள்ளை பிறந்தால் ஒன்று, போனஸ் வந்தால் ஒன்று. வாங்கிக் கொடுத்தவர் பெயரைத் தனக்கோடி முதல் பக்கத்தில் தம் கையால் எழுதி, கீழே முத்திரை வைப்பார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அவரே வாய்விட்டுப் படித்துக்காட்டுவார். எழுபத்தெட்டில் இடத்துக்காரர் அறையை விற்றுவிட்டார். ஒரே நாளில் காலி செய்ய வேண்டும். தனக்கோடி தள்ளுவண்டியில் மூன்று நடை அடித்துப் புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தார். வேறு இடம் கிடைக்கும் வரைக்கும் என்று பேச்சு. ஒரு வருடம் ஆகியும் இடம் கிடைக்கவில்லை. டீக்கடையில் எவனோ ஒருவன், "தனக்கோடி ஊர்ப் புஸ்தகத்த ஓட்டிகினு போயிட்டான்" என்று சொல்லிச் சிரித்தது இருபத்திரண்டு வயது கோவிந்தப்பாவின் காதில் விழுந்தது.

அந்தச் சமயம் தனக்கோடி குடலிறக்க ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் இருந்தார். பதினோரு நாள். கோவிந்தப்பா சவரப் பிளேடு ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். முன்பக்கம், பின்பக்கம். முன்னூற்றுப் பதினாலு புத்தகம். வெட்டியதையெல்லாம் வெந்நீர் அடுப்பில் போட்டான். இனி எவன் வந்து எடுத்துப் பார்த்தாலும் முத்திரை இருக்காது; அப்பனை எவனும் ஒரு சொல் சொல்ல முடியாது. அவனுக்கு அது அப்பனுக்குச் செய்த காவலாகத்தான் பட்டது.

தனக்கோடி வீட்டுக்கு வந்து, வயிற்றில் கை வைத்தபடி மெல்ல உட்கார்ந்து, ஒரு புத்தகத்தை எடுத்தார். பிரித்தார். வெட்டிய விளிம்பைக் கட்டை விரலால் தடவினார்.

"மத்ததுல்லாம்?"

"எல்லாம்தான் நைனா."

"அடுப்புலயா?"

"ஆமா."

அவ்வளவுதான். ஏன் என்று கேட்கவில்லை. திட்டவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருடம் உயிரோடிருந்தார். ஒரு புத்தகத்தையும் தொடவில்லை. சாயங்காலமானால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு தடவை திட்டியிருந்தால் போதும் என்று கோவிந்தப்பா இந்த நாற்பத்தைந்து வருடத்தில் எத்தனை முறை நினைத்திருப்பார் என்று சொல்ல முடியாது. ஒரு அடி அடித்திருந்தால்கூடச் சரி. அந்தக் குரல் இன்னொரு முறை வந்திருக்குமே.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டு ஆட்கள் திரும்பும் நேரம் பார்த்து கோவிந்தப்பா காக்ஸ் டவுனுக்கு நடந்தார். ஓஸ்வால்டுக்கு எண்பத்தைந்து இருக்கும். வாசகசாலைக்குக் கடைசிச் செயலாளர். வெயில் விழும் ஜன்னலோரம் கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கதவைத் திறந்தது பெட்டி என்ற மகள்; வந்தவர் யாரென்று அவளுக்குத் தெரியவில்லை.

"தனக்கோடி மவன் வந்திருக்கேன்னு சொல்லும்மா."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "யாரு, கோவிந்துவா? உள்ள வாடா. வாசல்ல நின்னுகினு இன்னா, சென்ஸஸ் எடுக்க வந்தியா?"

கோவிந்தப்பா உள்ளே போனார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"உக்காருடா. முதுகுல கம்பி வெச்சு தெச்சிருக்காங்களா உனக்கு? சின்னதுலேர்ந்தே அப்படித்தான். பெட்டி, கிறிஸ்மஸ் பலகாரம் கல்கல் மீதி இருந்தா எடுத்துகினு வா. இவன் திங்க மாட்டான். இருந்தாலும் வெச்சிடு."

"ஒரு லெட்டர் வேணும்ணா" என்றார் கோவிந்தப்பா. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்: பல்கலைக்கழகம், மகள், ராக், இருபத்தொன்பதாம் பக்கம். சொல்லி முடிக்கும் வரைக்கும் ஓஸ்வால்ட் அசையவில்லை. கடைசியில் பல்லில்லாத வாயால் சிரித்தார்.

"இருபத்தொம்போதா! அது உங்கப்பன் வெச்ச நம்பருடா. உன் பொறந்த தேதி. அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்." சிரிப்பு நின்றது. "அப்போ அத மட்டும் ஏன் வெட்டாம விட்டாரு? அதான் எனக்கு வெளங்கல."

"யாரு?"

"உங்கப்பந்தான். வேற யாரு?"

"அவரு வெட்டலண்ணா."

"ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த அடுத்த ஞாயித்துக்கெழம, எங்க எல்லாரயும் மில் கேட்டாண்ட வரச் சொன்னாரு. வயித்துல கட்டு இன்னும் அவுக்கல. சீல் போட்ட பக்கத்தயெல்லாம் நாந்தாம்பா வெட்டி எரிச்சிட்டேன், புஸ்தகம் இனிமே வாசகசாலைக்கு வராது, இன்னா வேணா பண்ணிக்கங்கன்னாரு. ஏன்யான்னு கேட்டேன். பதில் இல்ல. எங்கம்மா பேர்ல நான் வாங்கிக் குடுத்த புக்கு அதுல ஒண்ணு. நான் கை ஓங்கிட்டேன் கோவிந்து. உங்கப்பன் மூஞ்சிக்கு நேரா."

கோவிந்தப்பா பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கழுத்துப் பொத்தானைத் திறக்கப் பார்த்து, முடியாமல் விட்டார்.

"நான்தாண்ணா வெட்டினேன்" என்றார். "அவரு ஆஸ்பத்திரில இருந்தப்போ. சீல் இருந்தா அவர திருடன்னு சொல்லுவாங்கன்னு."

பெட்டி கல்கல் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, இரண்டு பேர் முகத்தையும் பார்த்து, சத்தம் காட்டாமல் போய்விட்டாள்.

"நம்பிட்டேனேடா" என்றார் ஓஸ்வால்ட். "நாப்பத்தஞ்சு வருஷமா நம்பிகினு இருந்தேனே. உங்கப்பன் சாவுக்கும் வரல. அதனால நீயும் இந்தப் பக்கம் வரல. நான் அந்தாள் மூஞ்சில முழிக்க மாட்டேன்னு இருந்துட்டேன்." குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "உன் பேரு அவரு வாயில வரவேயில்ல கோவிந்து. ஒருதரம் கூட."

பெட்டி காகிதமும் பேனாவும் கொண்டுவந்தாள். ஓஸ்வால்ட் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். ஜீவனஹள்ளி தொழிலாளர் வாசகசாலையின் கடைசிச் செயலாளர் என்ற முறையில், வாசகசாலைக்குச் சொந்தமான முன்னூற்றுப் பதினாலு நூல்களைப் பல்கலைக்கழக நூலகத்துக்கு மனமுவந்து அளிக்கிறேன்.

"தனக்கோடி நினைவாகன்னு ஒரு வரி போடட்டுமா?" என்றார் ஓஸ்வால்ட்.

"வேணாம்ணா. வாசகசாலை பேருதான் வரணும். வேற ஒரு வரி போடுங்க. முதல் பக்கங்களயும் கடைசிப் பக்கங்களயும் வெட்டினது தனக்கோடி மவன் கோவிந்தப்பா. தனக்கோடிக்கு அதுல சம்பந்தமில்ல."

"ஆபீஸ் லெட்டர்ல அது எதுக்குடா?"

"எங்கயாச்சும் ஒரு காயிதத்துல இருக்கணும்ணா. மில் கேட்டாண்ட நின்னவங்க யாரும் இப்ப இல்ல. யார் கிட்ட போய் நான் சொல்லட்டும்?"

ஓஸ்வால்ட் கையெழுத்துப் போட்டார். ஒரு முறை போட்டு, சரியில்லை என்று பக்கத்தில் இன்னொரு முறையும் போட்டார்.

திங்கட்கிழமை கோவிந்தப்பா மகளோடு பஸ் ஏறினார். வாசலில் செக்யூரிட்டி அடையாள அட்டை கேட்டான். விசிட்டர் சீட்டு எழுதி வாங்கிச் சட்டையில் குத்திக்கொண்டார். இரண்டாம் மாடியில் பெயிண்ட் வாசம் இன்னும் போகவில்லை. முக்கால்வாசி ராக்குகள் காலியாகவே நின்றன. ஜன்னலோரம் நாலைந்து மாணவர்கள் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தமிழ் ராக்குக்கு எதிரில் தரையில் பெட்டிபெட்டியாக அவர் வீட்டுப் புத்தகங்கள் காத்திருந்தன.

மௌரீன் மேடம் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். நூலகர், ஐம்பதைத் தாண்டியவர், கறாரான ஆள் என்று சுனிதா சொல்லியிருந்தாள்.

"லெட்டர் பர்ஃபெக்ட் சார். ஆனா இந்த ஒரு லைன் தேவையில்ல. வேணும்னா எடுத்துட்டு வேற எழுதி வாங்கிக்கலாம்."

"இருக்கட்டும் மேடம்."

அவர் கோவிந்தப்பாவை ஒரு கணம் பார்த்துவிட்டு, கடிதத்தைக் கோப்பில் வைத்தார். "அந்த நேம் போர்டு?"

"வாசகசாலை பேர்ல புதுசா வெட்டச் சொல்றேன்."

"ஓகே. ஆனா இன்னொரு பிராப்ளம் இருக்கு. டைட்டில் பேஜ் இல்லாத புக்க எப்படி கேட்டலாக் பண்றது? அட்டயெல்லாம் வெறும் காலிகோ துணி பைண்டிங். உள்ள அங்கங்க பேர் இருக்கறத சுனிதா கண்டுபிடிச்சிட்டா. ஒரு எண்பது தொண்ணூறு புக்கு இன்னா புக்குன்னே தெரியல. அத ஏத்த முடியாது."

கோவிந்தப்பா தரையிலிருந்த பெட்டிகளைப் பார்த்தார். "எனக்குத் தெரியும் மேடம்."

"நீங்க படிச்சிருக்கீங்களா?"

"இல்ல. ஒண்ணு கூட படிச்சதில்ல." நிமிர்ந்து நின்றுதான் சொன்னார். "வெட்டறப்போ ஒவ்வொரு பக்கத்தயும் பாத்துதான் வெட்டினேன்."

மேசை போட்டார்கள். சுனிதா கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்துக்கொண்டாள். கோவிந்தப்பா முதல் புத்தகத்தைக் கையில் எடுத்து, முதுகுத் துணியின் நிறத்தைப் பார்த்தார், கனத்தைப் பார்த்தார், வெட்டிய விளிம்பை விரித்துப் பார்த்தார். அந்தப் பதினோரு நாளில் அவர் அதிகம் அவசரப்படவில்லை. அவசரப்பட்டிருந்தால் இத்தனை ஒழுங்காக வெட்டியிருக்க முடியாது.

"நீராவி எஞ்சின் பாடங்கள். வாங்கிக் குடுத்தது நூற்பு செக்ஷன் முனிரத்தினம். பொண்ணு பொறந்ததுக்கு."

சுனிதா நிமிர்ந்து பார்த்தாள். "வாங்கிக் குடுத்தவங்க பேருமா?"

"அதுதான் பெரிசா எழுதியிருந்தது. உன் தாத்தா கையெழுத்து."

சுனிதா மேடத்தைப் பார்த்தாள். மேடம் தலையசைத்தார். எங்கிருந்து வந்தது என்று எழுத ரிஜிஸ்டரில் ஒரு கட்டம் உண்டு. அதில் வாசகசாலையின் பெயருக்குக் கீழே முனிரத்தினம் ஏறினார். பிறகு கேன்டீன் செல்லம்மா. சாயம் போடும் ரங்கு ரூம் அப்துல் மஜீத், அண்ணன் கல்யாணத்துக்கு. வாட்ச்மேன் ஏசுபாதம். ஓஸ்வால்டின் அம்மா ஃபிலோமினா. மத்தியானம் வரைக்கும் பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. சிலது புத்தகத்தைத் தொட்டவுடன் வந்தது; சிலதுக்குக் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் இருக்க வேண்டியிருந்தது. சாப்பாட்டுக்கு எழுந்திருக்கச் சொன்னபோது மாட்டேன் என்றுவிட்டார். எழுந்தால் கலைந்துவிடும் என்று பயந்தார்.

மூன்று மணிக்கு ஒரு மெல்லிய புத்தகம் வந்தது. பச்சைத் துணி. கோவிந்தப்பா திருப்பினார். மறுபடி திருப்பினார். ஏதோ கதைப் புத்தகம் என்று தெரிந்தது. தலைப்பு மேலே இருந்தது, நடுவில் ஒரு பூ வரைந்திருந்தது, கீழே அப்பனின் சாய்ந்த எழுத்தில் ஒரு பெயர். எழுத்து சாய்ந்திருந்தது கண்ணில் நின்றது. என்ன எழுத்து என்பது நிற்கவில்லை.

"தெரியலன்னா விட்டுடுங்கப்பா" என்றாள் சுனிதா. "பரவால்ல. இது வரைக்கும் சொன்னதே ஜாஸ்தி."

"ஒருத்தன் வாங்கிக் குடுத்திருக்கான்" என்றார் அவர். "அவன் வீட்டுல ஏதோ நல்லது நடந்திருக்குது."

சுனிதா பெயர் எழுதும் கட்டத்தைத் திறந்தாள்.

"பேரு எழுதற எடத்துல கோடு போட்டு வெச்சிடு. புக்க ராக்குல வெளிய தெரியற மாதிரி வை. அவன் பேரன் பேத்தி யாராச்சும் இங்க படிக்க வருவாங்க. வந்தா கேளு."

அவள் கோடு போட்டாள். எண் ஒட்டினாள். எழுந்து போய்த் தமிழ் ராக்கில் கண் மட்டத்தில் வைத்துவிட்டு வந்தாள். கோவிந்தப்பா கழுத்துப் பொத்தானைத் திறந்துவிட்டுக்கொண்டு, அடுத்த புத்தகத்துக்குக் கையை நீட்டினார்.